தொண்ணூற்றாறு ஆடுகளும் ஒரு தூக்கு எண்ணெயும்

அப்பாயியின் கருமாதி முடிந்து தீட்டுக் கழிந்த பிறகு, அப்பா பரணிலிருந்து அந்தப் பித்தளைத் தூக்கை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தார். அடுக்களையில் நின்றிருந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் தூக்கு நிறைய நல்லெண்ணெய். "புள்ளமங்கை வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்" என்று மூடியை அழுத்தி மூடிக்கொண்டு கிளம்பினார். அதற்கு முன் அப்பா தானாகக் கோயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. சாமி காரியமெல்லாம் அப்பாயியோடு போச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பாயி பிறந்தது அய்யம்பேட்டைப் பக்கம். கல்யாணமாகித் தஞ்சாவூருக்கு வந்த பிறகும் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் புள்ளமங்கைக்கு ஒதுக்கி வைத்திருந்தது. செவ்வாயில் ராகு காலம் மூன்று மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடியும். அதற்குள் துர்க்கைக்கு எலுமிச்சம்பழத் தோலைத் திருப்பி அதில் விளக்குப் போட்டுவிட வேண்டும். சின்ன வயதில் நானும் கூடப் போவேன். கும்பகோணம் பஸ்ஸில் ஏறிப் பசுபதிகோயிலில் இறங்கி நடப்போம். தஞ்சாவூரிலிருந்து 15 கிலோமீட்டர் இருக்கும். ஒரு கையில் தூக்கு, இன்னொரு கையில் நான். எண்ணெய் அலம்பக் கூடாது என்பதால் தூக்கு இருக்கிற கை ஆடாமல் வரும். என்னைப் பிடித்த கைதான் ஆடும்.

குடமுருட்டிக்கரை ஊர். வாழையும் வயலுமாகப் போகிற பாதையில் திடீரென்று கோயில் வந்துவிடும். தஞ்சாவூரில் 216 அடி விமானத்தைத் தினமும் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தக் கோயில் முதலில் கண்ணிலேயே நிற்கவில்லை. தென்னைமரம் அதைவிட உயரமாகத் தெரிந்தது. கருவறையைச் சுற்றி அகழி மாதிரி ஒரு பள்ளம் உண்டு. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நிற்கும், தவளை கத்தும். கோயிலுக்கு நான் போனதே அந்தத் தவளைகளைப் பார்க்கத்தான். இந்தச் சின்னக் கோயில் பெரிய கோயிலுக்கு மூத்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் இருபது வருஷம் ஆனது.

சுவாமிக்குப் பிரம்மபுரீஸ்வரர் என்று பெயர். பிரம்மா வழிபட்ட தலம் என்பது ஐதீகம். கல்வெட்டில் அவர் திருவாலந்துறை மகாதேவர். அம்பாள் சௌந்தரநாயகி. அல்லியங்கோதை என்று தமிழில் இன்னொரு பெயரும் அவளுக்கு உண்டு. அப்பாயிக்கு இந்தப் பெயர்தான். வாய் நிறைய 'அல்லியங்கோதை' என்று சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். எனக்குத் தெரிந்த அம்பாள் பெயர்களில் இதைவிட அழகானது இல்லை.

பாடல் பெற்ற தலங்களின் வரிசையில் இது காவிரித் தென்கரையில் பதினாறாவது. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் இங்கே வந்து பாடியிருக்கிறார். முதல் திருமுறையின் பதினாறாவது பதிகம், நட்டபாடைப் பண். 'ஆலந்துறை தொழுவார் தமை அடையா வினை தானே' என்று முடிகிற முதல் பாட்டு அப்பாயிக்கு மனப்பாடம். புத்தகம் பார்த்துப் படித்ததல்ல, சின்ன வயதில் கேட்டுக் கேட்டு வந்தது. ஓரிரு சொல் மாறித்தான் வரும். திருத்த யாருக்கும் மனம் வந்ததில்லை.

சம்பந்தர் பார்த்தது இந்தக் கட்டடத்தை அல்ல. அவர் காலத்தில் காவிரிக்கரைக் கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லும் மரமுமாக இருந்தவை. இப்போது நாம் பார்க்கிற கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில், முதலாம் பராந்தகன் காலத்தைச் சேர்ந்தது. அவன் ஆண்டது 907 முதல் 955 வரை. ராஜராஜன் 1010இல் பெரிய கோயிலை முடித்தபோது புள்ளமங்கைக் கற்றளி குறைந்தது இரண்டு தலைமுறையைப் பார்த்திருக்கும். டெல்டா மண்ணை எத்தனை அடி தோண்டினாலும் களிமண்ணும் மணலும்தான் வரும், பாறை கிடையாது. மேற்கே திருச்சிப் பக்கமோ தெற்கே புதுக்கோட்டைப் பக்கமோ போய்த்தான் கல் கொண்டுவந்திருக்க வேண்டும். ஆறும் வாய்க்காலுமாகக் குறுக்கிடுகிற நாட்டில் அத்தனை கல்லை எப்படி நகர்த்தினார்கள் என்ற பிரமிப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

அப்படிக் கொண்டுவந்த கல்லில் அவர்கள் செய்திருக்கிற வேலையைப் பார்க்க மாலை நாலு மணிக்கு மேல் போக வேண்டும். உச்சி வெயிலில் போனால் ஏமாற்றம்தான். எல்லாம் தட்டையாகத் தெரியும். வெயில் சாய்ந்து தெற்குச் சுவரில் பக்கவாட்டில் விழ ஆரம்பித்ததும் கல் கண் திறக்கும். சுவருக்கு அடியில் இருக்கிற தாங்குதளத்திலும் அதற்கு மேலும் உள்ளங்கையில் அடங்கிவிடுகிற அளவில் வரிசையாகச் சின்னச் சின்னச் சிற்பங்கள். ராமாயணக் காட்சிகள், சிவன் கதைகள். கட்டை விரல் உயரத்துக்கு ஓர் ஆள். அந்த ஆளுக்கு இடுப்பு வளைவு, காதில் குழை, முகத்தில் கோபம். வில்லேந்தியவனின் தோளில் நாண் இழுக்கிற விறைப்புக்கூடத் தெரியும். விமானத்துக்கு மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவன் இவற்றைத் தவறவிடுவான். குந்தி உட்கார்ந்தால்தான் உண்டு. ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக இந்தச் சிற்பங்கள் பார்க்க வருகிறவனை மண்டியிட வைத்துக்கொண்டிருக்கின்றன.

அர்த்தமண்டபத்துத் தெற்கு மாடத்தில் பிள்ளையார். அவருக்கு மாடத்துக்கு வெளியேயும் ஒரு பட்டாளம்: இரண்டு பக்கமும் பூதகணங்கள், குட்டைக் காலும் உப்பிய கன்னமுமாகச் சேவகத்துக்கு நிற்கின்றன. மேற்கே லிங்கோத்பவர், வடக்கே பிரம்மா. அதே வடக்கில், அர்த்தமண்டபச் சுவரில்தான் துர்க்கை.

இவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறது. வெட்டுண்ட எருமைத் தலை மேல் நிற்கிறாள். தலைக்கு மேல் குடை. ஒரு பக்கம் சிங்கம், இன்னொரு பக்கம் மான். கைகளில் சங்கு, சக்கரம், ஆயுதங்கள். முகத்தில் மட்டும் போர் இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் திண்ணையில் எழுந்து நிற்பவளின் முகம் அது. காலடியில் இரண்டு வீரர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவன் தன் தொடைச் சதையை அரிகிறான். மற்றவன் தன் தலையையே அறுத்துக் கொடுக்கப் போகிறான். நவகண்டம் என்கிறார்கள். அந்தக் காலத்தில் படைக்குப் போகிறவர்கள் போர்த் தெய்வமான கொற்றவைக்குச் செய்துகொடுத்த நேர்ச்சை.

சின்ன வயதில் அந்த வீரர்களைப் பார்த்துப் பயந்து அப்பாயி முந்தானைக்குள் புகுந்துகொள்வேன். "அவனுக்குக் குடுக்க அது இருந்துச்சு, குடுத்தான். நமக்கு எண்ணெ இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தூக்கைத் திறக்கும் அப்பாயி.

அந்த வார்த்தை மனதின் ஓரத்தில் கிடந்தது. பிறகு, வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்த வயதில், சோழர் கல்வெட்டுகளைப் படிக்கிற கிறுக்குப் பிடித்தது. ராஜராஜன் கங்கை வரை போனதும் கடாரம் கொண்டதும் அவற்றில் இருக்கும் என்று நம்பிப் போனவன் நான். (கங்கையும் கடாரமும் மகனுடையவை என்பதே அப்போது எனக்குத் தெரியாது.) கையில் கிடைத்ததெல்லாம் ஆடு. பக்கத்துக்குப் பக்கம் ஆடு. 'திருநொந்தா விளக்கு ஒன்றினுக்கு வைத்த சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு' என்கிற மாதிரி வாசகம் சோழ நாட்டுக் கோயில்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

முதலில் இது வெறும் கணக்குப் பதிவாகத்தான் பட்டது. பிறகு மெல்லப் புரிந்தது. கோயிலில் ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டும், அதுதான் நொந்தா விளக்கு, நந்தா விளக்கு என்றும் சொல்வார்கள். அதற்கு ஒருவர் 96 ஆடு தருகிறார். ஆடுகள் கோயிலுக்குள் வருவதில்லை. மன்றாடிகள் எனப்படும் இடையர்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அவர்கள் தினமும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். உழக்கு என்றால் கால் நாழி. பாலும் குட்டியும் மீதியும் அவர்களுக்கு. கிழடு சாகும், குட்டி வளரும், தொகை மட்டும் 96ஆகவே நிற்கும். அதனால்தான் சாவா, மூவா: இந்த ஆட்டுக்குச் சாவும் கிடையாது, மூப்பும் கிடையாது. பெரிய கோயில் கல்வெட்டுகளில் இதற்கு மாற்றுக்கணக்குக்கூட இருக்கிறது. ஒரு விளக்குக்கு ஆடு என்றால் 96, பசு என்றால் 48, எருமை என்றால் 16.

அசலைத் தொடாமல் வட்டியில் விளக்கு எரிகிறது! வங்கிக்காரர்கள் வைப்புநிதி என்று சொல்வதை ஒரு மந்தையாக நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதை எழுதுகிற மொழியும் கணக்குப்பிள்ளை மொழியாக நின்றுவிடவில்லை. 'சந்திராதித்தவற்' என்று கெடு வைக்கிறார்கள், சூரியனும் சந்திரனும் உள்ளவரை என்று. பல கல்வெட்டுகள் முடிகிற இடத்தில், இந்தத் தன்மத்தைக் காத்தவர்களின் ஸ்ரீபாதம் என் தலை மேலன என்று கொடுத்தவர் சொல்வதாக வரும். இனி பிறக்கப்போகிற, முகம் தெரியாத ஒருவரின் காலைத் தன் தலையில் தாங்குகிறேன் என்கிறார். எதற்காக? அவர் தன் விளக்கை அணையவிடாமல் பார்த்துக்கொள்வார் என்பதற்காக. இதை முதல் முறை புரிந்து படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாயி போய்ச் சேர்ந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பா எதற்காகத் தூக்கைத் தேய்த்தார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அந்த ஆடுகள் எங்கே போயின என்று கேட்டால் நேரான பதில் சொல்ல முடியாது. அரசுகள் மாறின, நிலம் கை மாறியது, அளக்க வேண்டியவரும் அளந்து வாங்க வேண்டியவரும் இல்லாமல் போனார்கள். விளக்கு ஒன்றுதான் அதே இடத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டில் இன்றும் ஆயிரக்கணக்கான சின்னக் கோயில்களில் இதே கணக்குதான் வேறு பெயரில் நடக்கிறது. அறநிலையத்துறையின் ஒருகால பூஜைத் திட்டத்தில் ஒரு கோயிலின் பெயரில் பணத்தைப் போட்டு வைத்து, அதன் வட்டியில் தினம் ஒருவேளை பூஜை நடத்துகிறார்கள். ஒரு லட்சமாக இருந்த அந்த வைப்புத்தொகையை இரண்டு லட்சமாக உயர்த்தினார்கள். 2021இல் அப்படிப்பட்ட 12,959 கோயில்களின் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. ஒரு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய். நல்லெண்ணெய் விலையைத் தெரிந்தவர்கள் பெருக்கிக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே ஆசை: அந்த 12,959 கருவறையிலும் சாயங்காலம் ஒரு திரியாவது எரிய வேண்டும்.

பெரிய தலங்களில் பூஜை பார்ப்பதற்கும் இங்கே பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே கம்பித் தடுப்பு, வரிசை, 'நகருங்க நகருங்க'. இங்கே குருக்கள் சாமிக்குத் தண்ணீர் எடுத்து வருகிற குடத்தின் சத்தம்கூடக் காதில் விழும். முந்தின பூவைக் களைகிறார். அபிஷேகம் ஆகிறது, ஈரக்கல்லில் விளக்கு வெளிச்சம் வழுக்கி இறங்குகிறது. துடைத்து, வஸ்திரம் சாத்தி, சந்தனம் வைத்து, வில்வம் போடுகிறார். பக்கத்தில் மூடி வைத்த சின்னப் பாத்திரத்தில் நைவேத்தியம். திரை விலகித் தீபாராதனை. நாலு பேர் நின்றால் கூட்டம். சில நாள் நான் ஒருவன்தான். யாருமே வராத நாளிலும் இத்தனையும் இதே வரிசையில் நடக்கிறது என்பதை நினைத்தால் தொண்டை அடைக்கும்.

கூட்டம் சேர்கிற நாட்களும் இல்லாமல் இல்லை. பிரதோஷம், சிவராத்திரியின் நாலு கால பூஜை, ஐப்பசிப் பௌர்ணமிக்கு அன்னாபிஷேகம். அன்னாபிஷேகத்தன்று லிங்கம் முழுக்க வெள்ளைச் சோறு, மேலே காய்கறி. பிறகு அந்தச் சோறு எல்லாருக்கும் பிரசாதம். நெல் விளைகிற மண்ணில் சாமிக்குச் சோற்றையே போர்த்துகிற அந்த நாளை அப்பாயி தீபாவளிக்கு மேலாகச் சொல்லும்.

இன்னொன்று பங்குனியில். சக்கராப்பள்ளி, அரியமங்கை, சூலமங்கை, நந்திமங்கை, பசுமங்கை, தாழமங்கை, புள்ளமங்கை: இந்த ஏழும் சப்தமங்கைத் தலங்கள். ஏழு மாதர்கள் வழிபட்ட இடங்கள் என்பது நம்பிக்கை. சக்கராப்பள்ளியில் பிராமி, கடைசியில் இருக்கிற புள்ளமங்கைக்குச் சாமுண்டி. ஒவ்வோர் ஊரிலும் சிவனுடைய ஓர் அடையாளம் அம்பிகைக்குத் தரிசனமானது என்பார்கள். நெற்றிக்கண்ணில் ஆரம்பித்துக் கங்கை, சூலம் என்று போய் இங்கே நாகத்தில் முடியும். சக்கராப்பள்ளிச் சுவாமி பல்லக்கில் ஏறி ஏழு ஊருக்கும் போய்வருகிறார். நம் பக்கத்தில் திருவையாற்றுச் சப்தஸ்தானத்துக்குப் பெயர் அதிகம். இந்த ஏழூர்ப் பல்லக்கைத் தஞ்சாவூரிலேயே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வயல் வரப்பை ஒட்டிய சாலையில் பல்லக்கு வருவதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சாமியைத் தேடி நாம் போகிற வழக்கம் அன்று தலைகீழாகிவிடும். அவரே வாசலுக்கு வருகிறார், வீட்டுக்கு வீடு நின்று அர்ச்சனை வாங்கிக்கொள்கிறார்.

கோயிலைப் பற்றி ஒரு கவலையும் சொல்ல வேண்டும். திருப்பணி என்ற பெயரில் பழைய கல்லின் மேல் மணலைப் பீய்ச்சி அடித்துச் 'சுத்தம்' செய்த கோயில்கள் நம் நாட்டில் எத்தனையோ. கல் பளிச்சென்று ஆகும். எழுத்து மழுங்கிப் போகும். கட்டை விரல் உயரத்து வீரனின் மூக்கும் முழியும் அதோடு போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கைக் கூடப் பொறுமையாக எடுத்துவிடலாம். உரித்த தோலைத் திரும்ப ஒட்ட முடியாது. புள்ளமங்கைக்குப் போகிறவர்களிடம் என் வேண்டுதல் ஒன்றுதான்: விளக்கை ஏற்றுகிற இடத்தில் ஏற்றுங்கள், சின்னச் சிற்பங்களின் மேல் திருநீறும் குங்குமமும் மிச்ச எண்ணெயும் தடவாதீர்கள்.

அப்பாவுக்கு இப்போது முட்டி வலி, பஸ் படி ஏற முடிவதில்லை. தூக்கு என் கைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. போன மாதம் பள்ளிக்கூடம் லீவு என்பதால் மகளும் கூட வந்தாள். எண்ணெய்த் தூக்கை அவள்தான் தூக்குவேன் என்றாள். ஆடாமல் பிடிக்க வேண்டும் என்று சொன்னதும் நடையே மாறிவிட்டது. ஒரு கை கல்லாகவும் மறு கை வீசிக்கொண்டும்.

குருக்கள் பார்த்ததும் சிரித்தார். "வாங்கோ. இன்னிக்குக் குழந்தை கையாலயா?"

"ஆமா சாமி. அவதான் தருவேன்னு நிக்கிறா."

எண்ணெயை வாங்கித் துர்க்கையின் விளக்கில் கொஞ்சம் ஊற்றினார், மீதியைக் கருவறைத் தூண்டாமணி விளக்குக்கு எடுத்துப் போனார். காலடியில் இருந்த வீரர்களை மகள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் போலப் பயப்படவில்லை. "வலிக்காதாப்பா அவருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பாயி சொன்னதையே சொன்னேன். பிறகு தெற்குப் பக்கம் போனோம். வெயில் சரியான கோணத்துக்கு வந்திருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக விரலால் தொடாமல் காற்றிலேயே காட்டிக்கொண்டு போனாள். குரங்கு, வில்லு, இன்னொரு குரங்கு.

96 ஆட்டுக் கதையைத் திரும்புகிற வழியில் சொன்னேன். "செத்துப் போச்சுன்னா?" என்றாள். குட்டி வரும் என்றேன். "அந்தக் குட்டி செத்துப் போச்சுன்னா?" அதற்கும் குட்டி வரும் என்றேன். பஸ் வரும்வரை இப்படியே போனது.

வெறும் தூக்கைக் குருக்கள் ஒருநாளும் திருப்பித் தந்ததில்லை. அன்றைக்கும் நாலு செவ்வரளி, ஓர் எலுமிச்சம்பழம், ஒரு வாழைப்பழம். வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் அவற்றைத் தட்டில் கொட்டினாள். எண்ணெய் ஒட்டிக்கொண்டிருந்த தூக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அவளுடைய அப்பாயியிடம், அதாவது என் அம்மாவிடம் போய்ப் புளி எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.